"மிஸ், நீங்க இதை நெசமாவே நம்புறீங்களா?"

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடலோர ஊரில், தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வயது 28. விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கோயிலில் (எங்கள் பக்கம் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வோம்) பாடகர் குழுவில் இருக்கிறேன். போன மாதம் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் நடத்தினேன். எங்கள் கோயிலுக்கே வரும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், நீங்களும் கோயிலுக்கு வர்றீங்க. இதை நெசமாவே நம்புறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. "பரீட்சைக்கு வரும், படிச்சுக்கோ" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். மறுநாள் அவளுடைய அப்பா வந்து, "குரங்குல இருந்து வந்தோம்னு எம் பிள்ளைக்குச் சொல்லித் தராதீங்க" என்று தாளாளரிடம் சத்தம் போட்டார். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, கேள்வி பதிலை மட்டும் எழுதிப்போட்டால் போதும், விளக்கம் வேண்டாம் என்கிறார். அந்தப் பெண் இப்போது என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நான் விசுவாசி. நான் படித்த படிப்பும் உண்மை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள டீச்சர்,

அப்பா போட்ட சத்தம், தாளாளர் சொன்ன யோசனை எல்லாவற்றையும்விட உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "பரீட்சைக்கு வரும், படிச்சுக்கோ" என்ற அந்த ஒரு வரிதான். உங்களைக் குறை சொல்வதற்காக அதை எடுக்கவில்லை. அந்த வரியைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பள்ளியில் இந்தப் பாடம் வந்த அன்று டீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இதெல்லாம் மார்க்குக்குத்தான், மனசுல ஏத்திக்காதீங்க" என்றார். நாற்பது பேரும் தலையாட்டினோம். புத்தகத்தில் அச்சிட்டிருப்பது பொய்யாக இருக்கலாம், பெரியவர்கள் அது தெரிந்தே நம்மை எழுதச் சொல்வார்கள், எழுதினால் மார்க்கும் போடுவார்கள். அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அந்த எண்ணம் என் மனதைவிட்டுப் போகப் பல வருஷம் ஆனது.

இப்படிச் சொல்வதில் அறிவியல் மட்டும் அடிபடுவதில்லை, விசுவாசமும் அடிபடுகிறது. ஜெபம் செய்கிறவர்கள் படித்த உண்மையை மறைத்துத்தான் வாழ வேண்டும் போலிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்காததற்குக் கோபம் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். உங்களை இக்கட்டில் மாட்டிவிட்டோமே என்ற சங்கடமாக இருக்கலாம். அந்த வயதில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம் கவனிக்கிறார்கள்.

அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள், நீங்கள் எல்லோர் முன்னாலும் நழுவினீர்கள். அதனால் பதிலையும் வகுப்பிலேயே சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். "அன்னைக்கு ஒரு நல்ல கேள்விக்குச் சரியான பதில் சொல்லாம விட்டுட்டேன். நான் கோயிலுக்குப் போறவதான். இந்தப் பாடத்தையும் உண்மைன்னு ஏத்துக்கிட்டவதான். ஆதாரத்தைப் பார்த்து ஏத்துக்கிட்டேன். உங்களை நம்பச் சொல்லி நான் கேட்கல. ஆதாரம் என்னன்னு புரிஞ்சுக்கோங்க, அது போதும்." இவ்வளவு போதும். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அதற்கு மேல் வகுப்பில் பேச வேண்டியதில்லை. அது அவர்களுடைய வீடும் கோயிலும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அப்புறம் அந்தக் குரங்கு. அப்பாவின் கோபத்தில் பாதி அந்தச் சொல்லால் வந்தது. "குரங்கிலிருந்து வந்தோம்" என்று உங்கள் பாடமும் சொல்லவில்லை, எந்த விலங்கியல் புத்தகமும் சொல்லவில்லை. நம்மிடம் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: பங்காளி. இன்றைக்கு மரத்தில் இருக்கும் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. சிம்பன்சி இன்னும் கிட்டத்துப் பங்காளி. ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நமக்கும் அதற்கும் பொதுவாக ஒரு மூதாதை இருந்தது. அங்கிருந்து அந்தக் கிளை ஒரு பக்கம் போனது, நம் கிளை இன்னொரு பக்கம் வந்தது. சித்தப்பா மகனைப் பார்த்து "நான் உன்னிடமிருந்து பிறந்தேன்" என்று யாரும் சொல்வதில்லையே. 'குரங்கு மனுஷனா மாறினதை யார் பார்த்தா?' என்ற கேள்வியும் இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது. 2018-இல் ஒரு மத்திய இணை அமைச்சரே இப்படிப் பேசி, பாடத்திட்டத்திலிருந்து டார்வினை எடுக்க வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஆக இது உங்கள் சபைக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை, எல்லா மதத்து வீடுகளிலும் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குரங்கைவிட நல்ல உதாரணம் கடலிலேயே இருக்கிறது. ஆவுளியாவைச் சொல்கிறேன். புத்தகத்தில் கடற்பசு என்று போட்டிருப்பார்கள். உங்கள் மாணவர்களின் தாத்தாக்களில் சிலர் அது வலையில் மாட்டியதைப் பார்த்திருப்பார்கள். கடலடிப் புல்லை மேயும், மூச்சுவிட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அதன் துடுப்பை வெளியிலிருந்து பார்த்தால் மீனின் துடுப்பு மாதிரிதான் இருக்கும். உள்ளே பார்த்தால் மேல்கையில் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள், அதற்கப்புறம் ஐந்து விரல்கள். நம் கையில் இருக்கிற அதே வரிசை. நீந்துவதற்கு ஐந்து விரல் எதற்கு? பின்னங்கால் இல்லாத அந்த உடம்பில், சதைக்குள்ளே புதைந்தபடி சின்னதாக இடுப்பெலும்பு எதற்கு? காம்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பசுவைப் போலப் பின்னால் இருக்காது. முன்துடுப்பின் அக்குளில் இருக்கும். யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான் காம்பு. ஆண் ஆவுளியாவுக்குத் தந்தமும் உண்டு. பெயரில் பசு என்று வைத்துவிட்டோம், உறவு யானையோடு. தரையில் நடந்த ஒரு முன்னோர் கடலுக்குள் போன கதையை அந்த எலும்புகள் சுமந்துகொண்டிருக்கின்றன. பாடத்தில் 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' (நம் கையும் அந்தத் துடுப்பும்), 'எச்ச உறுப்புகள்' (அந்த இடுப்பெலும்பு) என்று வருவதெல்லாம் இதுதான். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள், கேள்விகள் தானாக வரும்.

"இது வெறும் தியரிதானே மிஸ்" என்று நிச்சயம் ஒரு பையன் கேட்பான். பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் அப்படி இல்லை, ஏராளமான சான்றுகளைக் கோத்து விளக்கி, சோதித்து நின்ற ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர். கிருமியால் நோய் வருகிறது என்பதும் அந்தக் கணக்கில் தியரிதான், அதற்காக யாரும் கை கழுவாமல் இருப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். "பைபிளுக்கும் இதுக்கும் முரண்பாடே இல்லை" என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். உலகம் ஆறு நாளில், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்று எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் சபைகள் உண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பதோடு அது ஒத்துப்போகாது. அதை மூடி மறைத்தால் நாளைக்குப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அதே சமயம் எல்லா விசுவாசிகளும் அப்படி வாசிப்பதில்லை என்பதும் உண்மை. போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல் பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுதினார். 20-ஆம் நூற்றாண்டின் பெரிய பரிணாம விஞ்ஞானிகளில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி கிழக்கு மரபு (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைக்காரர். பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று அவர் 1973-இல் எழுதியது உயிரியல் ஆசிரியர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு பத்திரிகையில்தான், அதாவது உங்களைப் போன்றவர்களுக்காக. படைத்தவரையும் நம்புகிறேன், பரிணாமத்தையும் ஏற்கிறேன் என்று அதே கட்டுரையில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். நீங்கள் தனியாக நிற்பதாக நினைக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வகுப்பில் இந்தப் பெயர்களைச் சொல்லி வாதாட வேண்டாம்.

அமெரிக்காவில் உங்களைப் போலவே மாட்டிக்கொண்ட சில ஆசிரியர்களின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் இந்தச் சண்டைக்கு நூறு வயது. டென்னசியில் 1925-இல் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியருக்குப் பரிணாமம் கற்பித்ததற்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகக் குழு, ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் பாடம் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2004-இல் முடிவெடுத்தது. டார்வின் கொள்கையில் ஓட்டைகள் இருக்கின்றன, உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் உண்டு, அதற்கு நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்பதுதான் அறிக்கை. ஒரு நிமிஷத்தில் வாசித்துவிடலாம். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். தெரிந்தே பிள்ளைகளுக்குத் தவறான கருத்தைக் கொடுப்பது எங்கள் தொழில் நெறிக்கு விரோதம் என்று எழுதியே கொடுத்தார்கள். கடைசியில் நிர்வாகிகள்தான் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களில் வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அந்த 'வடிவமைப்பு' அறிவியல் இல்லை, மதக் கருத்து, அரசுப் பள்ளியில் அறிவியல் பாடமாக அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தார்.

அந்த ஆசிரியர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்கிறது. அவர்கள் மதத்தை எதிர்க்கவில்லை. ஒரு நிமிஷ அறிக்கைதானே என்று விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, வேலைப் பாதுகாப்பு இருந்தது. தனியார் பள்ளியில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் தாளாளரிடம் மோத வேண்டாம். பாடம் மாநில அரசுப் பாடநூலில் இருக்கிறது, பொதுத்தேர்வில் வரும், புரியாமல் மனப்பாடம் செய்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டாலும் பிள்ளைகள் கோட்டைவிடுவார்கள். இதைப் பணிவாகச் சொல்லுங்கள், அவருக்குப் புரியக்கூடிய கணக்கு அது. பாடம் புத்தகத்தில் இருப்பதே சின்ன விஷயம் இல்லை. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த பரிணாமப் பகுதியைச் சுமை குறைப்பு என்று சொல்லி எடுத்தார்கள், அது திரும்பி வரவில்லை. 2023-இல் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்தோடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகள் அதை எங்கே பார்ப்பார்கள்? உங்கள் மாணவிக்கு அது கிடைத்திருக்கிறது. எழுதிப்போடும் பதிலாக அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

அப்பாவைப் பள்ளியில் வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே அவர் புகார் கொடுத்தவர், நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர். கோயில் வாசலில் பாருங்கள், அண்ணாச்சி என்று கூப்பிடுகிற உறவு அங்கே இருக்கும். முதலில் அவர் பேசட்டும். டார்வினைப் பற்றி அவருக்குக் கவலை இருக்காது. பிள்ளை படித்துவிட்டு நம்மைவிட்டு, கடவுளைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் இருக்கும். அந்தப் பயம் அன்பிலிருந்து வருவது, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். "அண்ணாச்சி, நானும் இதைப் படிச்சவதான், போன வாரமும் கோயில்ல பாடினவதான்" என்று சொன்னாலே பாதி பயம் இறங்கிவிடும். பேச்சு நீண்டால் காசநோய் மாத்திரையைச் சொல்லுங்கள். ஆறு மாதம் விடாமல் போடச் சொல்கிறார்களே, ஏன்? பாதியில் நிறுத்தினால் மருந்துக்குத் தாக்குப்பிடித்த கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன, அப்புறம் அதே மருந்து கேட்பதில்லை. தாக்குப்பிடித்தது பிழைக்கிறது, பிழைத்தது பெருகுகிறது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு அதுதான். அதற்கு மேலும் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை. அவரை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. அவர் மகள் விடைத்தாளில் பாடத்தைச் சரியாக விளக்கிவிட்டு, கடைசியில் "ஆனால் நான் இதை ஏற்கவில்லை" என்று ஒரு வரி எழுதினாலும் முழு மார்க் போடுங்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது எப்படியும் கோழிக்கடைப் பக்கம் போவீர்கள். இரண்டு இறக்கையைத் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். நன்றாக வேகவைத்தால் சதை கழன்றுவிடும், எலும்பைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். திங்கட்கிழமை மேசையில் செய்தித்தாளை விரித்து வரிசையாக வையுங்கள்: தோளிலிருந்து ஒன்று, அடுத்து இரண்டு, அப்புறம் ஒட்டிப்போன விரல்கள், பக்கத்தில் குட்டியாகக் கட்டைவிரல் மாதிரி ஒரு துண்டு. பிள்ளைகளைத் தங்கள் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பினால் ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் புரள்வது விரலுக்குத் தெரியும். முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். எலும்புகளை அவளே அடுக்கட்டும்.