நாலரையாம் பாகம்

கேள்வி: ஸ்டீஃபன் கிங்கின் தொடர் நாவல் ‘தி டார்க் டவர்’ ஏழு பாகத்தோடு முடிந்தது. எட்டாவதாக வந்ததை நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். இது இடைச்செருகல்தானே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, இடைச்செருகல் என்ற சொல்லை இவ்வளவு லேசாக வீசக் கூடாது. அது ஏடு பார்த்தவர்கள் வயிறெரிந்து சொன்ன சொல். பனையோலைச் சுவடிக்கு இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றதில் நாராசம் என்ற உலோகக் கம்பி. கயிற்றின் நுனியில் கிளிமூக்கு, அதாவது கிளியின் மூக்குப்போல் கத்தரித்த ஓலைத்துண்டு. கயிற்றை உருவிவிட்டால் எந்த ஏட்டையும் எடுக்கலாம், எதையும் கோக்கலாம். நாலு பாட்டைத் தானே கட்டி, பழம்புலவர் பெயரில் எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் கரியும் தடவிக் கோத்துவிட்டால் போதும். அடுத்துப் படியெடுப்பவர் அதையும் மூலம் என்றே எழுதுவார். உ.வே.சா. திருநெல்வேலிக் கவிராயர் வீடு வரை வந்து ஏடு தேடினாரே, ஒரு நூலுக்கு ஒரு பிரதி போதாது என்பதற்கு இதுவும் காரணம். ஒரே ஒரு பிரதியில் மட்டும் இருக்கிற பாட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

பிறர் கை நுழைந்தால்தான் அது செருகல். 2012இல் வந்த ‘தி விண்ட் த்ரூ த கீஹோல்’ புத்தகத்தை எழுதியவரே நாலரை என்று சொல்லிவிட்டார். கோபுரத்தைத் தேடிப் போகும் பயணிகள் புயலுக்கு ஒதுங்குகிறார்கள். தொடரின் நாயகன் ரோலண்ட் தன் இளமைக் கதையைச் சொல்கிறான். அதற்குள் ஒரு சிறுவனின் கதை. புயல் ஓய்ந்ததும் நடையைக் கட்டுகிறார்கள்.

ஆனாலும் முதல்முறை படிப்பவர் அதை அங்கே படிக்க வேண்டாம். நான்காம் பாகத்தில் பெரும்பகுதி ரோலண்ட் சொல்லும் பழங்கதைதான். அதைத் தொட்டாற்போல் இன்னொரு பழங்கதை என்றால் கோபுரத்தை நோக்கிய நடை நின்றுபோகும். ஏழு பாகத்தையும் முடித்துவிட்டு எடுங்கள்.

நீங்கள் சந்தேகப்பட வேண்டியது முதல் பாகத்தை. 1982இல் வந்ததை ஆசிரியர் 2003இல் திருத்தினார். பின்பாகங்களில் திரும்பத் திரும்ப வரும் பத்தொன்பது என்ற எண்ணை அப்போதுதான் அதில் கோத்தார். பழைய புத்தகக் கடையில் முந்தைய அச்சை வாங்கினால் அந்த இழை அறுந்திருக்கும். ஐந்தாம் பாகத்தில் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். காசு கொடுக்குமுன் திருத்திய பதிப்பா என்று பாருங்கள்.

நூலகத்தாருக்கு மறுபடியும் சொல்கிறேன்: தொடர் நாவலின் முதுகில் பாக எண்ணை ஒட்டுங்கள், கூடவே வெளிவந்த ஆண்டையும். நாலைத் தேடி வந்தவர் ஏழைத் தூக்கிக்கொண்டு போவது இனியாவது நிற்கட்டும்.