‘நா?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது

தங்கச்சி, ஜெர்மனியின் போஹும் நகரத்து மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலை டூட்டிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் உங்களைப் பார்த்து ‘நா?’ என்று மட்டும் கேட்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை படித்தும் இதற்கு என்ன பதில் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அறைத்தோழி வடநாட்டுக்காரர், அது ‘இல்லை’ என்கிறார். வார்டில் இருக்கும் போலந்துக்கார அம்மா, எங்கள் மொழியில் அது ‘மேலே’ என்று சிரிக்கிறார். என்ன பதில் சொல்வது, நாமும் அதைத் தலைமைச் செவிலியரிடமும் நோயாளிகளிடமும் சொல்லலாமா என்பதுதான் உங்கள் கேள்வி.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் எதிரே வரும் தெரிந்தவரைப் பார்த்து நாம் “என்ன?” என்று இழுத்துக் கேட்போம் இல்லையா, அதேதான் இந்த ‘நா?’. என்ன விஷயம் என்று உண்மையில் விசாரிப்பது இல்லை. வந்துவிட்டாயா, நன்றாக இருக்கிறாயா, பார்த்தேன், அவ்வளவுதான். திருப்பி நீங்களும் ‘நா?’ என்று சொன்னால் போதும். அதுவே முழுப் பதில். கொஞ்சம் நீட்ட வேண்டுமென்றால் உங்கள் போஹும் இருக்கும் ரூர் பகுதிக்காரர்கள் பேசுவதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு முன்னால் காபி மெஷின் பக்கத்தில் இதைத் தினமும் கேட்கலாம்:

“நா, வீ இஸட்?”

“முஸ். உன்ட் செல்ப்ஸ்ட்?”

“ஔஹ்.”

எப்படிப் போகுது? போயாகணுமே, உனக்கு? எனக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சரியாக விசாரித்துவிட்ட திருப்தியோடு இரவு டூட்டிக்காரரிடம் பொறுப்பு வாங்கப் போவார்கள். ‘முஸ்’ என்று சொல்பவர் சலித்துக்கொள்கிறார் என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் அது நலமாக இருக்கிறேன் என்பதற்குச் சமம். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த ஊர்க்காரர்கள், நிறையப் பேசமாட்டார்கள். கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் பாட்ரோப்பில் மூடிவிட்டார்கள், பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்தச் சொல் தனியாக வருவதை விட ஜோடியாக வருவதுதான் அதிகம், அங்கேதான் கவனம் வேண்டும். டாக்டர் புண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு ‘நா யா’ என்றால் சந்தோஷப்படாதீர்கள், சுமார்தான் என்கிறார். மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்காமல் நான்காம் தடவை ட்ரிப்ஸ் ஓடும்போது ‘நா அல்ஸோ!’ என்றால், அப்படிப் போடு. விடுப்பு கேட்டு, யோசித்து, ‘நா குட்’ என்றால் மனசில்லாத சம்மதம். ‘நா டோல்’ புகழ்ச்சி மாதிரி கேட்கும், பெரும்பாலும் நேர் எதிர்: கையுறைப் பெட்டி காலியாக இருக்கும்போதுதான் அது வாயில் வரும். ‘நா உன்ட்?’ என்பது “அதுக்கு என்ன இப்போ?”, அதை யாரிடமும் சொல்லாதீர்கள். எல்லாவற்றிலும் வருவது இதே ‘நா’தான், பொருளைச் சுமப்பது பெரும்பாலும் ராகம். வாக்கியத்தை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து பயனில்லை, குரல் மேலே போகிறதா கீழே இறங்குகிறதா என்று காதைப் பழக்குங்கள். நமக்கு இது கஷ்டமே இல்லை. ‘சரி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சம்மதம், கோபம், கிண்டல், விடைபெறுதல் எல்லாவற்றையும் சொல்கிறவர்கள் நாம்.

அப்புறம் தெற்கே இருக்கும் பவேரியா மாநிலமும், பக்கத்து நாடான ஆஸ்திரியாவும். நாளைக்கே மியூனிக்கிலோ வியன்னாவிலோ வேலை கிடைத்துப் போனால் இதே ‘நா’ அங்கே ‘இல்லை, வேண்டாம்’. ‘இல்லை’ என்பதற்கான ஜெர்மன் சொல் ‘நைன்’, அதைத்தான் அவர்கள் அப்படிச் சுருக்குகிறார்கள். டீ வேண்டுமா என்று கேட்டு ‘நா’ என்று பதில் வந்தால், “நலமா” என்று கேட்கிறார் என எண்ணித் திருப்பி ‘நா?’ சொல்லிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் உங்கள் அறைத்தோழி சொன்னதற்கு வருகிறேன். போஹும் வார்டில் கேட்ட ‘நா?’வில் மறுப்பு என்ற பொருளே கிடையாது. ஆனால் அவருடைய இந்தி ‘நா’வும் பவேரியக்காரர் ‘நா’வும் நிஜமாகவே ஒரே வேரில் முளைத்தவை. சமஸ்கிருதத்தில் ‘ந’, பாரசீகத்தில் ‘ந’, வங்காளத்தில் ‘நா’, ரஷ்ய மொழியில் ‘நியெ’, ஆங்கிலத்தில் ‘நோ’. ஜெர்மன் ‘நைன்’ கூடப் பழைய ‘நி’யும் ‘ஐன்’னும் சேர்ந்தது, ‘ஒன்றும் இல்லை’ என்று பிரித்துப் பார்க்கலாம். நாம் அன்றாடம் சொல்லும் நாத்திகம் என்ற சொல்லிலும் அந்த ‘ந’ ஒளிந்திருக்கிறது: ந + அஸ்தி, ‘இல்லை’ என்பவன் நாஸ்திகன். அந்த ‘அஸ்தி’யும் நீங்கள் முதல் பாடத்தில் படித்த ஜெர்மன் ‘இஸ்ட்’டும் ஒரே வேர்ச்சொல்தான். எனக்கு இது தெரிந்த நாளில் ஜெர்மன் மீது இருந்த பயம் பாதி குறைந்தது.

போலந்து அம்மா சொன்னதும் சரி. போலிஷ், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் ‘நா’ என்றால் ‘மேல்’. ‘நா ஸ்தோலே’, மேஜை மேல். ரஷ்யர்களுக்கு இதோடு இன்னொன்றும் உண்டு, எதையாவது நீட்டி ‘நா!’ என்றால் “இந்தா, பிடி”. 90-களில் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் வந்து குடியேறிய ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தக் குடும்பத்துப் பாட்டி காலித் தம்ளரை நீட்டி ‘நா’ என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதியோர் வார்டில் வேலை பார்க்கும் எனக்கு இது சொல் விளையாட்டு இல்லை. அப்போதைய மேற்கு ஜெர்மனி வேலைக்கு ஆள் தேடி 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் கிரீஸோடும் ஸ்பெயினோடும், 1961-இல் துருக்கியோடும், 1964-இல் போர்ச்சுகலோடும் ஒப்பந்தம் போட்டது. அந்த 1964 செப்டம்பர் 10-ஆம் தேதி அர்மாந்தோ ரொட்ரீகஸ் டி சா என்ற போர்ச்சுகல்காரர் கொலோன் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி என்று மாலை மரியாதையோடு ஒரு மொபெட் பரிசளித்தார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். நம் கட்டில்களில் படுத்திருப்பவர்கள் அவர்கள்தான். மறதி நோய் வந்தால் முதலில் நழுவுவது பெரும்பாலும் பின்னால் கற்ற மொழி. ஐம்பது வருடம் ஜெர்மன் பேசியவர் ஒருநாள் காலை தாய்மொழியில் மட்டும் பேசுவார், அவருக்கே அது தெரியாது.

ஒரு போர்ச்சுகல் பாட்டி இருந்தார். பயிற்சிக்கு வந்த பெண் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்க, அவர் முனகியபடி ‘ந பர்ரீகா, ந பர்ரீகா’ என்றார். முதல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு, வலி இல்லை என்று அந்தப் பெண் எழுதிவிட்டாள். மதியம் வந்த மகள்தான் சொன்னார்: போர்ச்சுகீசியத்தில் ‘ந’ என்றால் ‘-இல்’, ‘ந பர்ரீகா’ என்றால் வயிற்றில். பார்த்தால் சிறுநீர் இறங்காமல் பை கல்லாக இருந்தது. குழாய் போட்டதும் அந்தப் பாட்டியின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். (‘எம்’ என்ற முன்னிடைச்சொல்லும் ‘அ’ என்ற பெண்பால் அடையும் ஒட்டி ‘ந’ ஆயிற்று. ஆண்பாலுக்கு ‘நு’ மாதிரி ஒலிக்கும். ‘ந பெர்னா’ காலில், ‘ந கபேசா’ தலையில். இந்த மூன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.)

கிரேக்கத் தாத்தாக்கள் ‘நா’ என்று விரலால் காட்டினால் “இதோ, இங்கே”. அதே ‘நா’ வாக்கியத்துக்கு நடுவில் வந்தால் வேறு வேலை செய்யும்: ‘தேலோ நா பாவ்’, போக வேண்டும். பழைய கிரேக்கத்தில் ‘ஹினா’ என்று இருந்தது தலை தேய்ந்து ‘நா’ ஆனது. இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து மாத்திரை என்று காட்ட உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கிரீஸில் அது கடுமையான வசவு, அதைச் செய்துகொண்டே சொல்லும் சொல்லும் இதே ‘நா!’தான். கையைத் திருப்பி, புறங்கை அவருக்குத் தெரியும்படி காட்டுங்கள். அப்புறம், கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆமாம். ஜெர்மன் ‘நே’ என்றால் இல்லை. ஊசி போடச் சம்மதமா என்று கேட்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நமக்கு முன்னாலேயே ஆசியாவிலிருந்து செவிலியர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 60-களில் கேரளத்துப் பெண்கள் கத்தோலிக்கத் திருச்சபை மூலமாக வந்தார்கள். கொரியாவிலிருந்து 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 8,000 பேர் சுரங்க வேலைக்கும், 10,000-க்கு மேற்பட்ட பெண்கள் செவிலியர் வேலைக்கும் வந்தார்கள். அந்தக் கொரியச் செவிலியர்கள் சிலரை இப்போது நாம் பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் மொழியில் ‘நா’ என்றால் ‘நான்’. ‘நா’ என்று தன் நெஞ்சைத் தொட்ட ஒரு கொரிய அம்மாவைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்த்தது உண்மை, நாமும் பேச்சில் “நா போறேன்” என்றுதானே சொல்கிறோம். ஆனால் இதை வைத்துக்கொண்டு தமிழும் கொரிய மொழியும் அக்கா தங்கை என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே இரண்டையும் ஒப்பிட்டு நூல் எழுதினார், இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ‘ந’வும் ‘அ’வும் குழந்தை வாயிலேயே வந்துவிடும் எளிய ஒலிகள், அநேகமாக எல்லா மொழியிலும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் அசையை எந்த மொழி சும்மா விட்டுவைக்கும்? தெலுங்கில் ‘நா’ என்றால் ‘என்னுடைய’. அது நம் ‘நான்’ குடும்பத்துச் சொல், உறவு நிச்சயம். கொரிய ‘நா’ தற்செயல். நீளச் சொல் பொருந்தினால், அதுவும் வரிசையாகப் பல பொருந்தினால் உட்கார்ந்து யோசிக்கலாம். ஓரசைச் சொல்லை வைத்து உறவு கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை.

பிலிப்பைன்ஸ் தோழிகள் ‘காஇன் நா’ என்றால் சாப்பிட வாருங்கள், நேரமாச்சு. அங்கே ‘நா’ என்றால் ‘இப்போது’, ‘ஆகிவிட்டது’. கிழக்கு ஆப்பிரிக்க நோயாளி ஸ்வாஹிலியில் ‘நா’ என்றால் நம் ‘-உம்’ மாதிரி, ‘உடன்’ மாதிரி. நம் மொழியிலும் ‘நா’ சும்மா இல்லை. நாக்கு என்ற பொருளில் தனிச் சொல்லாகவே நிற்கிறது, இலக்கணத்தில் 42 என்று எண்ணிச் சொல்லும் ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று. போதாததற்கு ந, ண, ன என்று மூன்று வைத்திருக்கிறோம். ஜெர்மன்காரர் சொல்வது ‘ன’தான். சொல்லுக்கு முதலில் ‘ன’ வராது என்பதால் நான் ‘நா’ என்று எழுதுகிறேன், நீங்கள் நுனி நாக்கைப் பல்லில் வைக்காமல் கொஞ்சம் மேலே வைத்துச் சொல்லிப் பாருங்கள், சரியாக வரும்.

ஆகவே வார்டில் ஒரு ‘நா’ காதில் விழுந்தால் உடனே அர்த்தம் கட்டாதீர்கள். சொன்னவர் யார், எங்கே பிறந்தவர் என்று நோயாளியின் ஃபைலில் பாருங்கள். தாய்மொழி என்ன என்பதையும் சேர்க்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். பல வார்டுகளில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது, எனக்கு அது தாங்கமாட்டாத விஷயம்.

இனி நீங்கள் சொல்லலாமா என்ற கேள்வி. ‘டு’ (நீ) போட்டுப் பேசும் சக ஊழியர்களிடம் தாராளமாக. தலைமைச் செவிலியர் உங்களை ‘டு’ என்று அழைத்து, நீங்களும் அப்படியே அழைக்கும்படி சொல்லியிருந்தால் அவரிடமும் சொல்லலாம், இல்லையென்றால் ‘கூட்டன் மோர்கன்’, காலை வணக்கம். பெரிய டாக்டரிடமும், விசா அலுவலகத்திலும் வேண்டாம். நோயாளிகளில் குழந்தைகளிடம் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும். பெரியவர்களிடம் முதலில் பெயர் சொல்லி வணக்கம், பழகின பிறகு அவரே ‘நா?’ என்று ஆரம்பித்தால் நீங்களும் சொல்லுங்கள். கையில் போட்ட வென்ஃப்ளானை (நரம்பில் போடும் ஊசிக் குழாய்) பிடுங்கப் பார்க்கும் முதியவரிடம் ‘நா, நா, நா!’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கூட இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது குறும்பு செய்யும் பிள்ளையை அதட்டுவது, எண்பது வயதுக்காரருக்கு அது உறைக்கும்.

டூட்டி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது ‘நா, ஃபயராபென்ட்?’ என்று கேட்டால், வேலை முடிந்ததா என்று கேட்கிறார்கள். ‘யா, என்ட்லிஹ்’ (ஆமாம், ஒருவழியாக) என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.