16111860: ராஜயோக எண்ணா?

கேள்வி: முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்த நாளை (16-11-1860) 16111860 என்று சேர்த்தெழுதி, குடும்ப விழாச் சட்டையில் அச்சிடப் போகிறோம். இலக்கங்களைக் கூட்டினால் 24. அதைக் கூட்டினால் 6. சுக்கிரன், ராஜயோகம் என்று சொல்லி எண் ஜோதிடர் 500 ராண்ட் வாங்கிக்கொண்டார். கணிதப்படியும் இது அபூர்வ எண்தானா?
- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: 500 ராண்ட் போனது போனதுதான். சட்டையைத் தாராளமாக அடியுங்கள்.

ஒரு கோடியே அறுபத்தொரு லட்சத்துப் பதினோராயிரத்து எண்ணூற்று அறுபது. சொல்லும்போது வாய் நிறைகிறது. உள்ளே அப்படியொன்றும் அதிசயமில்லை. இரட்டைப்படை, பூஜ்யத்தில் முடிகிறது, ஆகவே பகு எண். 60-ஆல் வகுத்தால் மீதியின்றி 268531 வரும். அது மேலும் உடையுமா என்றறிய 509 வரையுள்ள 97 பகா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த பகா எண்ணான 521-இன் வர்க்கமே அதைத் தாண்டிவிடும். ஞாயிறு மாலை பென்சிலோடு உட்கார்ந்தேன். 359-இல் வகுத்தபோது மீதி 358 வந்தது. ஒன்று கூடியிருந்தால் உடைந்திருக்கும்! கடைசிவரை அசையவில்லை. ஆக, உங்கள் எண்ணுக்குள் ஒரு நல்ல பகா எண் ஒளிந்திருக்கிறது. ஜோதிடர் அதைச் சொன்னாரா?

இன்னொரு வகைப்பாடும் உண்டு. 28-ஐ வகுக்கும் சிறிய எண்களான 1, 2, 4, 7, 14 கூடினால் அதே 28 வரும், அது நிறைவெண். உங்கள் எண்ணுக்கு அப்படிக் கூட்டினால் 2,90,01,516 வருகிறது. எண்ணைவிடக் கூடுதல் என்பதால் இது மிகையெண். 12, 18, 20 எல்லாம் இந்த ஜாதிதான், மலிவான சரக்கு.

இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை தெரியுமா? சரியாக 24! ஜோதிடரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு 500 கேட்பார். வெறும் தற்செயல். அவர் கொண்டாடும் 24-ஆல் இந்த எண்ணை வகுத்தால் மீதி 12 நிற்கிறது.

இலக்கக் கூட்டல் என்பதே எழுதும் முறையைப் பொறுத்த விளையாட்டு. இதே இலக்கங்களை இடம் மாற்றினால் 10-11-1866. அதுவும் 24, அதுவும் சுக்கிரன். அந்த ஆண்டில்தான் டர்பன் இருந்த நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது நின்றுபோனது. 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் கப்பல் வந்தது 26-11-1860: கூட்டினால் 25, பிறகு 7, கேது. சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற சுக்கிரன் கப்பலுக்கும் கல்கத்தா கேது கப்பலுக்கும் கிடைத்தது ஒரே கரும்புக்காடு, மாதம் பத்து ஷில்லிங்.

வந்த ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதியது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடி எடுங்கள். சட்டையில் அச்சிட அதுதான் பொருத்தம். எனக்கும் அனுப்புங்கள், உடைத்துப் பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் கிடையாது.