பூட்டு யார் வீட்டில் தொங்குகிறது?

கேள்வி: கணினி விளையாட்டுகளில் நிறுவனங்கள் வைக்கும் காப்பி பாதுகாப்பை, அதாவது நகலெடுக்க விடாத பூட்டை, சென்ற இதழில் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறவன். நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைத்துச் செய்ததை ஒரே ராத்திரியில் இலவசமாக இறக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போவீர்களா? பூட்டைக் கண்டு பயப்பட வேண்டியவன் திருடன்தானே. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதில் என்ன நஷ்டம்? அப்படியே, அந்தப் பூட்டை நாமே கழற்றினால் நம் நாட்டில் குற்றமா என்பதையும் சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவில்பட்டி

பதில்: திருட்டு காப்பி தவறு. அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. சென்ற இதழிலும் அதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். என் சண்டை உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வரியோடுதான்: ‘காசு கொடுத்து வாங்கியவனுக்கு என்ன நஷ்டம்?’

சொல்கிறேன். 2007-ல் சென்னை ரிச்சி தெருவில் மகனுக்காக ஒரு விளையாட்டு வாங்கினேன். அசல் டிஸ்க், 999 ரூபாய். அன்றைய என் சம்பளத்துக்கு அது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. நாலு கடை தள்ளி அதே விளையாட்டை வெற்று டிவிடியில் எழுதி, மார்க்கர் பேனாவால் பெயர் கிறுக்கி, 50 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் அதைக் காட்டி, ‘அப்பா, இதுவும் அதேதானே?’ என்று கேட்டான். அசலைத்தான் வாங்க வேண்டும், செய்தவர்களுக்குக் காசு போகணும் என்று சொல்லி அழைத்து வந்தேன்.

2016-ல் கல்லூரி விடுமுறைக்கு வந்தவன் அதைப் பழைய ஆசையில் தேடி எடுத்தான். பெட்டி, கையேடு, கையேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சீரியல் எண், டிஸ்க் எல்லாம் கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தன. வீட்டில் அப்போது விண்டோஸ் 10. டிஸ்க் உள்ளே போய்ச் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிழைச் செய்தி ஒன்றாவது வந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு தேடியிருக்கலாம்; அதுவும் இல்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டான். அந்த 50 ரூபாய் டிவிடியை அன்று வாங்கிப்போனவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. அசல் டிஸ்க்கா என்று சோதிக்கும் பகுதியைக் காப்பி போட்டவர்கள் முதல் வேலையாக வெட்டி எறிந்திருப்பார்கள்.

விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது. அந்த டிஸ்க்கில் இருந்தது சேஃப்டிஸ்க் என்னும் பூட்டு. மேக்ரோவிஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சரக்கு, 1990-களின் கடைசியிலிருந்து ஏராளமான விளையாட்டுகளில் வந்தது. தயாரிக்கும்போதே டிஸ்க்கில் படிக்க முடியாத துண்டுகள் சிலவற்றை வேண்டுமென்றே வைத்துவிடுவார்கள். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் அந்தப் பழுது அப்படியே வராது. பழுது இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் இந்தச் சோதனைக்கு அந்தப் பூட்டு விண்டோஸின் அடிமட்டத்தில், இயங்குதளத்தின் கருவுக்குள், ஒரு டிரைவர் கோப்பை, அதாவது வன்பொருளோடு பேசும் நிரலை, போட்டு வைத்திருந்தது. அந்த மட்டத்தில் ஓடும் நிரலுக்குத் தடை சொல்ல மேலே யாரும் இல்லை.

அந்தக் கோப்பு விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் ஒரு விளையாட்டுகூட வாங்காத ஆடிட்டர் அலுவலகத்துக் கணினியிலும் அது இருந்தது. 2007-ல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் கணக்கில் உள்ளே நுழைந்த ஒருவர், அதன் வழியாக முழுக் கணினியையும் கைப்பற்றிவிடலாம். தாக்குபவர்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கிய பிறகு, அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அந்த டிரைவரே கிடையாது. அதே வருடம் செப்டம்பரில் விண்டோஸ் 7, 8 கணினிகளிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன்; ஓட்டைக் கதவை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதவோடு உலகம் முழுக்க அலமாரிகளில் இருந்த அசல் டிஸ்க்குகளும் சேர்ந்து அடைபட்டன. விற்றவர்கள் நினைத்திருந்தால் ஒரு சின்ன பேட்ச் (திருத்தக் கோப்பு) போட்டு பூட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். பெரும்பாலானோர் செய்யவில்லை.

வீட்டுப் பூட்டு என்றீர்களே, அந்த உவமை இங்கே பொருந்தாது. என் வீட்டுக்கு நான் போடும் பூட்டின் சாவி என் இடுப்பில் இருக்கும். இங்கே நான் பீரோ வாங்குகிறேன்; கடைக்காரர் என் வீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்து, பீரோவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவரிடம் ரசீதைக் காட்டச் சொல்கிறார். கடை மூடிப்போனால் பீரோவும் திறக்காது.

ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டார்ஃபோர்ஸ் இன்னும் முரட்டுத்தனமானது. டிஸ்க்கில் துண்டுகள் எந்தக் கோணத்தில் விழுந்திருக்கின்றன என்றே அது அளந்து பார்க்கும். அதற்கும் கருவுக்குள் டிரைவர்தான். டிவிடி டிரைவ் மந்தமாகிறது, கணினி திணறுகிறது என்று பயனர்கள் புகார் செய்தார்கள், நிறுவனம் மறுத்தது. சச்சரவு முற்றி, 2006 ஏப்ரலில் யூபிசாஃப்ட் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் அதைக் கைவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டார்டாக் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2’ என்ற விளையாட்டை எந்த டிஸ்க் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. வாங்குகிறவரை நம்பினோம் என்றார்கள். விளையாட்டும் நன்றாக விற்றது. பூட்டு விற்கும் ஸ்டார்ஃபோர்ஸின் ஊழியர் ஒருவர், அந்த விளையாட்டின் திருட்டு காப்பி கிடைக்கும் இடத்துக்கான சுட்டியைப் பொதுவில் போட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். திருட்டைத் தடுப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர், தன் பூட்டு வேண்டாம் என்றவரின் வீட்டுக்குத் திருடனுக்கு வழி காட்டினார்.

சரி, இவ்வளவு தொல்லை கொடுத்து திருட்டையாவது நிறுத்தினார்களா? 2008 செப்டம்பரில் ‘ஸ்போர்’ என்ற விளையாட்டு வந்தது. அதைச் செய்த மேக்சிஸுக்கு உலகம் முழுக்க நல்ல பெயர் உண்டு, மக்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளியிட்ட எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதில் செக்யூராம் பூட்டைப் போட்டு, மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம், அதாவது இணையம் வழியே அனுமதி வாங்கி நிறுவலாம், என்றது. வைரஸ் வந்து ஒருமுறை, புது ஹார்ட் டிஸ்க் மாட்டி ஒருமுறை, புதுக் கணினி வாங்கி ஒருமுறை. அதற்கு மேல் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஆத்திரத்தைக் கொட்டினார்கள். அமெரிக்காவில் வழக்கும் தொடர்ந்தார்கள். மூன்றை ஐந்தாக்கினார்கள். பூட்டு உடைந்த காப்பியோ விளையாட்டு கடைக்கு வருமுன்பே இணையத்தில் இருந்தது. அந்த வருடம் டொரண்ட் என்னும் கோப்புப் பகிர்வு வழியில் அதிகம் இறக்கப்பட்ட விளையாட்டே ஸ்போர்தான். 17 லட்சம் முறை என்று டொரண்ட்ஃபிரீக் என்ற செய்தித்தளம் கணக்குப் போட்டது. மூன்று முறை என்ற வரம்பு அந்த 17 லட்சத்தில் ஒருவருக்கும் இல்லை.

2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் ஒரு படி மேலே போனது. ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ ஆட வேண்டுமானால், தனியாக ஆடினாலும், இணையம் அறுபடாமல் இருந்தாக வேண்டும். அந்த நாளில் நம் ஊரில் நாலு தூறல் போட்டால் போன் லைன் செத்துவிடும்; அதோடு கரண்ட் வெட்டு வேறு. நம் ஊரை விடுங்கள். வெளியான முதல் வாரத்திலேயே அவர்களுடைய சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகிப் படுத்துக்கொண்டன. பணம் கட்டி வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே நிறுவனம் 2008-ல் ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ வாங்கியவர்களுக்குக் கோளாறு வந்தபோது தீர்வாக அனுப்பிய கோப்பு எது தெரியுமா? ரீலோடட் என்ற திருட்டுக் குழு செய்த கிராக், அதாவது பூட்டை உடைக்கும் கோப்பு. பயனர்கள் கோப்பைத் திறந்து பார்த்தபோது அந்தக் குழுவின் பெயர் உள்ளேயே இருந்தது. சொந்தப் பூட்டை அவர்களாலேயே திறக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-லிருந்து புழங்கும் டெனுவோ, பழைய பூட்டுகளைவிட உடைக்கக் கஷ்டமானது. 2024-ல் வந்த ஓர் ஆய்வு, டெனுவோ போட்ட விளையாட்டு முதல் வாரத்திலேயே உடைபட்டால் வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்கிறது. அது பெரிய தொகை. அதில் உங்களைப் போன்றவர்களின் சம்பளம் இருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து உடைபட்டால் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அப்படியானால் நாலாவது மாதமும், நாலாவது வருடமும் அது என் கணினியில் எதற்கு? ‘டூம்’ 2016 மே மாதம் வந்தது, அந்த டிசம்பரில் டெனுவோவை எடுத்துவிட்டார்கள். யாரும் திவாலாகவில்லை. ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ 2021 மே மாதம் வந்தபோது, டெனுவோவோடு, அதை வெளியிட்ட கேப்காமின் சொந்தப் பூட்டும் சேர்ந்து, எதிரியைச் சுடும் நேரத்தில் திரை திக்கித் திக்கி நின்றது. ஜூலையில் வந்த உடைத்த காப்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதன் பிறகே கேப்காம் பேட்ச் போட்டு காசு கொடுத்தவர்களுக்கும் சரி செய்தது. டெனுவோவை எடுக்க 2023 ஆயிற்று. நான் கேட்பது இதுதான்: எப்போது கழற்றுவீர்கள் என்று விற்கும் அன்றே பெட்டியில் அச்சடியுங்கள், சொன்ன தேதியில் கழற்றுங்கள். உங்கள் அலுவலகக் கூட்டத்தில் இதை எழுப்ப உங்களால் முடியும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அடுத்து சட்டம். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் என்கிறது. ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்கள்தான் முக்கியம். 52-ஆம் பிரிவோ, முறையாக வாங்கியவர் அந்த நிரலை அது தரப்பட்ட வேலைக்குப் பயன்படுத்துவதற்காகவும், இழப்பு வராமல் காப்பதற்காகவும் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சொந்த டிஸ்க்கைச் சொந்தக் கணினியில் ஓட்டப் பாடுபடுகிறவரை இந்தச் சட்டம் திருடனாகப் பார்க்கவில்லை என்பதே என் வாசிப்பு. அதற்காக, கண்ட இடத்தில் கிடைக்கும் கிராக் கோப்பை இறக்கி ஓட்டாதீர்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதை இயக்கும்போது உங்கள் ஆன்டிவைரஸையும் அணைக்கச் சொல்வார்கள்.

என் மகனின் விளையாட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போலந்துக்காரர்கள் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடை, பூட்டே இல்லாமல் பழைய விளையாட்டுகளை விற்கிறது. அங்கே அது வந்திருந்தது. இரண்டாவது முறையும் காசு கொடுத்து வாங்கினேன். இன்ஸ்டாலரை ஒரு பென் டிரைவில் போட்டு, 999 ரூபாய் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கும் பழைய பெட்டிக்குள், டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இணையம் இல்லாத மடிக்கணினியிலும் போட்டுப் பார்த்துவிட்டான், ஓடுகிறது.