பொட்டாசியம் 5.6: காயை நிறுத்தாதீர்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதித்திருக்கிறது. டயாலிசிஸ் இல்லை. இந்த மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6 வந்ததால் காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மோர் சாதமும் ஊறுகாயும்தான் கொடுக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் ஊறுகாயை எடுத்துவிட்டுக் காயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது. காயே இல்லாமல் மலம் கட்டிக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். நம் சமையலில் சிக்கலே அங்கேதான். சத்து வீணாகக் கூடாது என்று காய் வெந்த தண்ணீரைச் சாம்பாரிலும், பருப்புத் தண்ணீரை ரசத்திலும் ஊற்றுகிறோம். மற்றவர்களுக்கு அது நல்ல பழக்கம். அப்பாவுக்கு மட்டும் ஆகாது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் மிதக்கும் அளவு தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடித்துவிடுங்கள். ஏறக்குறைய பாதிப் பொட்டாசியம் போய்விடும். பச்சையாக ஊறவைப்பது மட்டும் போதாது. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்தால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். வடித்த பிறகு தாளித்தால் ருசி குறையாது. புடலை, சுரை, பீர்க்கை வாரத்தில் பல நாள் வரட்டும். கீரையையும் வேகவைத்துப் பிழிந்து, எப்போதாவது ஒரு கரண்டி போதும்.

இளநீர் வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, ஒரு வாழைப்பழத்தைவிட அதிகம். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காமல் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள்.

அப்புறம், வீட்டு உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்கும் 'சோடியம் குறைந்த உப்பில்' சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். காய்களைக் குறைத்தும் எண் இறங்காத வீடுகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டெல்மிசார்டான், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அவை அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, ரத்தத்தை எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும்.

எண் 6-ஐத் தாண்டினாலோ, கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே, அப்போதே அழைத்துப் போங்கள்.