விழாமல் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் எதற்கு?

கேள்வி: என் கணவரின் நெருங்கிய நண்பர் சென்ற மாதம் பைக் விபத்தில் இறந்துவிட்டார். எதிரே வந்த கார் திடீரென்று குறுக்கே திரும்பியதாம். ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் என எல்லாமே போட்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். “எல்லாவற்றையும் மாட்டியும் போய்விட்டான். ஓட்டத் தெரிந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் சும்மா” என்கிறார் கணவர். பல வருடங்களாக ஓட்டுகிறார், ஒரு முறைகூட விழுந்ததில்லை. என் கொழுந்தனோ, நல்ல ஜாக்கெட்டும், பிரேக் போடும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியும் இருந்தால் எந்த வேகத்திலும் பயமில்லை என்கிறான். யார் சொல்வது சரி? நான் தினமும் கணவரின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறேன். அவர் ஓட்டுகிறார் என்ற தைரியத்தில் ஹெல்மெட் போடுவதில்லை. இப்போது பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த நண்பரின் மறைவு எனக்கும் வருத்தம் தருகிறது. உங்கள் கணவர் பேசுவதில் பாதி துக்கம் என்று நினைக்கிறேன். கூடவே வண்டி ஓட்டியவன் போய்விட்டால், ‘அவன் எங்கேயோ தவறிவிட்டான், நான் தவற மாட்டேன்’ என்று நம்பினால்தான் மறுநாள் சாவியைக் கையில் எடுக்க முடியும். அதனால் அவரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஆனால் அவர் சொல்வது தவறு. கொழுந்தன் சொல்வதும் தவறு.

கார் குறுக்கே திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். பைக் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி அது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் சுமார் முக்கால்வாசி, இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய வண்டி வழிவிடவில்லை. கார்க்காரர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: “பைக்கைப் பார்க்கவே இல்லை.” எதிரே நேராக வரும் பைக் கண்ணுக்கு ஒரு சின்ன உருவம். அது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணிப்பது யாருக்கும் கடினம்.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது நேரக் கணக்கு. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும் வரை பைக் ஓட்டியவருக்குப் பெரும்பாலும் 2 வினாடிகூடக் கிடைக்கவில்லை. அந்த 2 வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பதற்றத்தில் கால் பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறது. பின் சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் இறுகி, வண்டி சறுக்க ஆரம்பிக்கிறது. பிரேக் போடும்போது எடையில் பெரும்பகுதி முன்னால் போகும், பிடிப்பும் பெரும்பாலும் முன் டயரில்தான் இருக்கும். ஆனால் கை முன் பிரேக்கை அரைகுறையாகத்தான் அழுத்தியிருக்கும், இல்லையென்றால் ஒரேயடியாக இறுக்கி முன் சக்கரத்தையே லாக் செய்திருக்கும். இதெல்லாம் தெரிந்தவர்களும் அந்த நேரத்தில் இப்படித்தான் செய்தார்கள். தெரிந்திருப்பது வேறு, உடம்பு அதைத் தானாகச் செய்வது வேறு. பல வருடம் விழாமல் ஓட்டிய உங்கள் கணவர் முழு வேகத்தில் அவசர பிரேக் போட்டுப் பழகியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, தேவையே வந்திருக்காது. காலி மைதானத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கி அதைப் பழகச் சொல்லுங்கள். இந்தத் திறமை உண்மையிலேயே உதவும்.

சக்கரம் லாக் ஆவதைத் தடுக்கும் வேலையை ஏபிஎஸ் நம் கையைவிட நன்றாகச் செய்கிறது. அமெரிக்காவில் ஒரே மாடல் பைக்குகளில் ஏபிஎஸ் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டபோது, ஏபிஎஸ் உள்ளவற்றில் உயிர் போகும் விபத்துகளின் விகிதம் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவாக இருந்தது. இதில் கொழுந்தன் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘எந்த வேகத்திலும்’ என்று சேர்க்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பதறுகிறது.

அவனுக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள். நல்ல ரோடு, நல்ல பிரேக், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் சுமார் 36 மீட்டரில் நின்றுவிடுவார். அதே இடத்தில், அதே பிரேக்கோடு 80-ல் வருபவர் அந்த 36-வது மீட்டரைத் தாண்டும்போது இன்னும் 60-க்குமேல் போய்க்கொண்டிருப்பார். இருபதுதானே அதிகம் என்று தோன்றும். முதலாமவர் நின்ற இடத்தில் இரண்டாமவர் காரில் 60-ல் மோதுகிறார். அந்த வேகத்தில் நெஞ்சு கார் கதவில் மோதினால் ஜாக்கெட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் எல்லாம் ரோட்டில் உரசும்போது தோலையும் சதையையும் காப்பவை. அதற்காக அவசியம் போட வேண்டியவைதான்.

ஹெல்மெட் விஷயம் வேறு. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. பைக்கிலிருந்து சாயும்போது தலை தரையில் வந்து அடிக்கும் வேகம் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டை மோத விடுவது சுமார் 27-ல். வண்டி வேகமாகப் போனாலும், வெறுமனே கீழே விழுந்து சறுக்கினால் தலை பிழைக்க நல்ல வாய்ப்பு இருப்பது இதனால்தான். கார், மரம், கம்பம் என்று நேராக மோதினால் அந்த அளவைத் தாண்டிவிடும். உங்கள் நண்பருக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். அதை வைத்து ஹெல்மெட் வீண் என்று சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008-ல் வெளியான மதிப்பீட்டில், ஹெல்மெட் சாவின் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. ஆனால் தாடைக்குக் கீழே வாரை இறுக்கிப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே ஹெல்மெட் தனியாகப் பறந்துவிடும்.

ஓட்டத் தெரிந்தால் போதும் என்பவருக்கு டி.இ.லாரன்ஸை நினைவூட்டலாம். பிரிட்டிஷ் ராணுவத்தில் புகழ்பெற்றவர், வேக பைக்குகளில் பழுத்த அனுபவம் உள்ளவர். 1935-ல் இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியை வளைத்தார், தூக்கி எறியப்பட்டார், தலைக்காயத்தோடு ஆறாம் நாள் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் பிறகு பைக் விபத்துத் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியம் பற்றி 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் செய்தி கொண்டுபோகும் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

என் கணக்கில் பெரிய திறமை, அந்த 2 வினாடியை 4 ஆக்கிக்கொள்வது. சந்திப்பு வருமுன் வேகத்தைக் குறைப்பது, எதிரே நிற்கும் காரின் முன்சக்கரம் திரும்புகிறதா என்று பார்ப்பது, முன்னால் போகும் வண்டிக்கு இடம் விடுவது, குடித்திருந்தால் வண்டியைத் தொடாமலிருப்பது. ஹர்ட் பார்த்த உயிர்போன விபத்துகளில் கிட்டத்தட்டப் பாதியில் மது இருந்தது. கொழுந்தன் புது வண்டி வாங்கினால் இதையும் சொல்லுங்கள்: ஹர்ட் ஆராய்ந்த விபத்துகளில் சிக்கியவர்களில் பாதிக்குமேல், அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. கணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்த 2 வினாடியில் பின்சீட்டில் இருக்கும் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உங்கள் கையில் பிரேக் இல்லை. ரோடும் சரியாகத் தெரியாது. பிடித்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. அவரிடம் திறமை பற்றிப் பேச வேண்டாம். “என் தலைக்கு அளவாக ஒரு ஹெல்மெட் வாங்க வேண்டும், கூட வாருங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். போட்டு வாரை இறுக்கிய பிறகு கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரக்கூடாது. அவர் அங்கேயே தனக்கும் ஒன்று பார்த்தால் நல்லது. பார்க்காவிட்டாலும் நாளையிலிருந்து நீங்கள் போடுங்கள், சகோதரி.