ஸ்டீப்: பனிமலையும் புள்ளிக்கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பனிச்சறுக்கு கேம்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஸ்டீப் வாங்கினேன். முதல் சில நாட்கள் தூக்கத்தை மறந்து ஆடினேன். மூன்றாவது வாரத்தில் சப்பென்று ஆகிவிட்டது. மேப்பைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் போட்டிகள், ஆனால் எதையும் தொட மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய மலையில் செய்ய ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. கோளாறு என்னிடமா, கேமிலா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. அந்த மூன்றாவது வாரம் எனக்கும் வந்தது. அதைத் தாண்டி இன்றும் அந்த கேமைத் திறந்துகொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டீப் 2016 டிசம்பரில் வந்தது. செய்தவர்கள் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் அன்சி ஸ்டுடியோக்காரர்கள். அன்சி, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற இடத்தில் இருப்பவர்கள் செய்த மலை இது என்பது ஆடும்போதே தெரிந்துவிடும். ஸ்கீ, ஸ்னோபோர்டு, இறக்கை வைத்த உடையில் பறக்கும் விங்சூட், பாராசூட் போன்ற துணியில் மிதக்கும் பாராகிளைடிங் என நான்கையும் நினைத்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உச்சியில் நின்று பைனாகுலரை எடுத்துத் தூரத்துச் சிகரம் ஒன்றைப் பார்த்துவைத்தால் அங்கிருந்து இறங்கும் வசதி திறக்கும். கேம் உலகத்தைச் சுற்றிப்பார்க்க வைக்க இதைவிட எளிமையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் எனக்கு உயிர் இருப்பது கைக்குள் நடக்கிற விஷயத்தில். பாறை விளிம்பை நோக்கி வேகமாக வருகிறீர்கள். கன்ட்ரோலரின் ட்ரிக்கர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆள் முழங்காலை மடக்கிக் குனிகிறான். விளிம்பு வரும் அந்த நொடியில் விரலை எடுக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் எடுத்தால் சோப்ளாங்கி தாவலாகப் போய்விடும், தாமதித்தால் தாவலே இல்லை, சும்மா சரிந்து விழுவான். எடுக்கும்போதே ஸ்டிக்கைச் சாய்த்திருந்தால் காற்றில் சுழல்வான், அப்புறம் தரை வருவதற்குள் நேராக வர வேண்டும். விழுந்தால் ஒரு பட்டனில் பழைய இடத்துக்கே திரும்பலாம், காத்திருப்பே கிடையாது. ஒரே பாறைமேல் இருபது முப்பது முறை விழுந்திருக்கிறேன், ஒருமுறைகூட எரிச்சல் வந்ததில்லை. அதற்கு அந்த ஒரு பட்டன்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, குறைக்கு வருவோம். இப்படி ஒரு மலையைக் கட்டியவர்களுக்கு அந்த மலைமேலேயே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது, அதுதான் என் வருத்தம். சும்மா இறங்குவதே சுகம் என்று விட்டிருக்கலாம். அதன்மேல் மெடல், லெவல், உடை, விளம்பர பிராண்டுகளின் பெயரில் போட்டி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கதை சொல்கிறோம் என்று மலையே மனிதக் குரலில் நம்மிடம் பேசும் பகுதிகள் வேறு. பேசாமல் நிற்பதுதானே மலைக்கு அழகு? எலும்பு முறிய விழுவதற்கும்கூடப் புள்ளி உண்டு! நீங்கள் மேப்பில் பார்த்துச் சலித்தது இந்த அடுக்கைத்தான்.

பாராகிளைடிங்கை நான் காப்பாற்றப் போவதில்லை. உயரம் கூட வேண்டுமென்றால் பாறைச் சுவரை ஒட்டியே மிதந்துகொண்டிருக்க வேண்டும், பொறுமை போய்விடும். பனியில் நடப்பதும் அப்படித்தான். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, தனியாக ஆடினாலும் இணையம் வேண்டும் என்பது. மலையில் தனியாக நிற்கும் உணர்வைத் தருவதற்காகவே செய்த கேம் சர்வர் தொடர்பு அறுந்தால் நின்றுவிடும் என்றால் அது எவ்வளவு பெரிய முரண். நாளைக்கு சர்வரை மூடினால் அந்த ஆல்ப்ஸ் மொத்தமும் போயிற்று என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

2017 டிசம்பரில் வந்த ஒலிம்பிக் விரிவாக்கத்தை வாங்கலாமா என்று யோசித்தால், ஜப்பான் மலைகளுக்காக வாங்குங்கள். தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடக்கும் ஒலிம்பிக் போட்டிகளில் வழி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும், கொடிக்குக் கொடி வளைந்து இறங்க வேண்டியதுதான். அதே ஸ்டுடியோ 2021-ல் செய்த ரைடர்ஸ் ரிபப்ளிக்கில் அமெரிக்க தேசியப் பூங்காக்களும் சைக்கிளும் வந்தன, புதிய கன்சோல்களில் 64 பேர் வரை ஒன்றாக மோதிக்கொண்டு இறங்கலாம். கூட்டமும் கலகலப்பும் பிடிக்கும் என்றால் அதற்குப் போய்விடுங்கள், ஸ்டீப்பில் அது கிடைக்காது.

போவதற்கு முன் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மோண்ட் பிளாங்க் உச்சிக்குப் போங்கள். நிஜத்தில் 4,800 மீட்டருக்கும் சற்று மேல் உயரமுள்ள சிகரம் அது. எந்தப் போட்டியையும் தொடாமல், கீழே கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒரு ஊரைக் குறிவைத்து ஸ்கீயில் இறங்குங்கள். நடுவில் பாறை மறிக்கும், வந்த வழி செங்குத்தாக முடிந்துபோகும், நின்று யோசித்துப் பக்கவாட்டில் பனி படிந்த ஒரு குறுகிய வழியைத் தேட வேண்டிவரும். விழுந்தால் அந்த பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள், விழுந்த இடத்திலேயே எழுந்து போங்கள். ஊர் வந்து சேர்ந்ததும் ரீப்ளேயில் உங்கள் தடம் மலைமேல் ஒரு கோடாகத் தெரியும். அது எந்தப் பக்கமாக இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள். நான் மேற்குப் பக்கம் இறங்கிப் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.